மதுரைத் தண்ணீரும் மீன்தொட்டி அலங்காரமும்: கல்லும் மணலும் செடியும் ஏன் சொதப்புகின்றன?

கண்ணாடிக்குள் ஒரு குட்டி மலை, அடிவாரத்தில் பச்சைப் புல்வெளி, நடுவில் வளைந்து போகும் மணல் பாதை, மேலே கூட்டமாக நியான் டெட்ரா மீன்கள். இந்த மாதிரி வீடியோக்களைப் பார்த்துவிட்டு மதுரையில் தொட்டி வைக்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் அடி வாங்குகிறார்கள். முதல் வாரம் தண்ணீர் பால் மாதிரி கலங்கும். இரண்டாவது வாரம் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். ஒரு மாதத்தில் செடி கரைந்து, கல் மேல் பழுப்புப் பாசி படிந்து, கண்ணாடியின் தண்ணீர் மட்டத்தில் வெள்ளைக் கோடு விழுந்திருக்கும். கடையில் போய்ச் சொன்னால் நீலமோ மஞ்சளோ ஒரு பாட்டில் மருந்து கையில் கிடைக்கும். அதையும் ஊற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் தொட்டி பரணுக்குப் போய்விடும்.

மீனுக்கு நோய் வந்து இப்படி ஆவதைவிட, தொட்டிக்குள் வைத்த பொருளும் ஊரின் தண்ணீரும் ஒத்துப்போகாமல் ஆவதுதான் அதிகம். அலங்காரம் என்று நாம் உள்ளே வைக்கும் ஒவ்வொன்றும் தண்ணீரில் எதையோ சேர்க்கிறது, அல்லது எதையோ எடுக்கிறது. எது எதைச் செய்கிறது என்று அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

இந்தக் கலை பிறந்த தண்ணீர் வேறு

தொட்டிக்குள் செடி வைப்பது அழகுக்காகத் தொடங்கிய வேலை இல்லை. 1850-இல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர், தங்கமீனையும் வாலிஸ்நேரியா என்ற நீர்ச்செடியையும் ஒன்றாக வைத்தால் தண்ணீரை அடிக்கடி மாற்றாமலே மீன் தாக்குப்பிடிக்கிறது என்று எழுதினார். நடுவில் அவருக்கும் நம்மைப் போலவே சிக்கல் வந்தது: உதிர்ந்த இலை அழுகித் தண்ணீர் கெட்டது. நத்தைகளை விட்டார், அவை அழுகலைத் தின்று தீர்த்தன. 1854-இல் ஃபிலிப் கோஸ் எழுதிய பிறகு 'அக்வாரியம்' என்ற சொல் எங்கும் பரவியது. 1930-களில் நெதர்லாந்தில், பாத்தி பாத்தியாகச் செடி வளர்க்கும் 'டச்சு' பாணி வந்தது.

இன்று நாம் பார்க்கும் மலை, புல்வெளிக் காட்சிகளுக்கு மூலவர் ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் தகாஷி அமானோ (1954–2015). மீன்தொட்டிப் பொருள்கள் விற்கும் ஏடிஏ (அக்வா டிசைன் அமானோ) நிறுவனத்தை 1982-இல் தொடங்கியவர். கற்களை மட்டும் முதன்மையாக வைத்து அடுக்கும் 'இவாகுமி' முறையைத் தொட்டிக்குள் கொண்டுவந்து உலகம் முழுக்கப் பரப்பியவர் அவர்தான்.

இதில் நாம் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. ஜப்பானின் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் மென்னீர். சுண்ணாம்பு குறைவு. அங்கே கல்லும் மண்ணும் செய்யும் வேலை ஒன்று, நம் போர்த் தண்ணீரில் அதே கல்லும் மண்ணும் செய்யும் வேலை வேறொன்று.

தண்ணீரைப் பற்றி நான்கு சொற்கள்

இந்த நான்கும் தெரியாமல் கடைக்குப் போனால் விற்பவர் சொல்வதுதான் வேதம்.

1. பிஹெச்: தண்ணீர் அமிலமா, காரமா என்பதற்கான அளவு. 7 நடுநிலை. கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம். ஒரு புள்ளி மாறினால் பத்து மடங்கு மாற்றம் என்று அர்த்தம், அதனால் 7-க்கும் 8-க்கும் உள்ள வித்தியாசம் சின்னது இல்லை.

2. ஜிஹெச் எனும் மொத்தக் கடினத்தன்மை: தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியம் அளவு. சோப்பு நுரைக்காது, வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும், தலைமுடி சிக்கும். ஊரில் 'உப்புத் தண்ணி' என்று சொல்வதில் பாதி இதுதான்.

3. கேஹெச் எனும் கார்பனேட் கடினத்தன்மை: பைகார்பனேட், கார்பனேட் அளவு. பிஹெச் சட்டென்று ஏறி இறங்காமல் பிடித்து வைப்பது இது. கேஹெச் அதிகமுள்ள தண்ணீரில் எலுமிச்சை பிழிந்தாலும் பிஹெச் இறங்கியது போல இறங்கி மறுபடி ஏறிக்கொள்ளும்.

4. டிடிஎஸ்: கரைந்திருக்கும் எல்லா உப்புகளின் மொத்தம். பேனா மாதிரி ஒரு மீட்டரை முக்கினால் எண் வரும். ஆனால் அது என்ன உப்பு என்று மீட்டருக்குத் தெரியாது. சமையல் உப்பைக் கரைத்தாலும் ஏறும், சுண்ணாம்பைக் கரைத்தாலும் ஏறும்.

குடிநீருக்கான இந்தியத் தரம் (ஐஎஸ் 10500) கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை நல்லது என்றும், வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 600 வரை பொறுக்கலாம் என்றும் சொல்கிறது. மீன்காரர்கள் பேசும் 'டிகிரி' கணக்கில் ஒரு டிகிரி சுமார் 18 மில்லிகிராம். அப்படியானால் 200 என்பது 11 டிகிரி, 600 என்பது 33 டிகிரிக்கு மேல். நியான் டெட்ராவின் சொந்த ஊரான அமேசான் ஓடைகளில் இது ஒன்றிரண்டு டிகிரிதான். மனிதன் குடிக்கலாம் என்பதால் டெட்ராவும் வாழும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

மதுரை வீடுகளில் பொதுவாக மூன்று வகைத் தண்ணீர் கிடைக்கும். வைகை வழியாக வரும் மாநகராட்சித் தண்ணீர் ஆற்றுத் தண்ணீர், போரைவிட மென்மையானது, ஆனால் குளோரின் கலந்து வரும். போர்த் தண்ணீர் தெருவுக்குத் தெரு மாறும். கேன் தண்ணீர் ஆர்ஓ செய்தது, உப்பு மிகக் குறைவு. குளோரின் ஒரு நாள் வாளியில் திறந்து வைத்தால் பெரும்பாலும் போய்விடும், அவசரத்துக்கு சோடியம் தயோசல்ஃபேட் சொட்டு மருந்து உண்டு. கடினத்தன்மையோ எத்தனை நாள் வைத்தாலும் போகாது. வாளித் தண்ணீர் ஆவியாக ஆவியாக இன்னும் கூடும்.

கல்: எந்த மலை கரையும், எந்த மலை கரையாது

தொட்டிக்கு வரும் கற்களை இரண்டாகப் பிரித்தால் போதும், கரைவது, கரையாதது. கால்சியம் கார்பனேட் உள்ள எதுவும் தண்ணீரில் மெல்ல மெல்லக் கரைந்து ஜிஹெச், கேஹெச், பிஹெச் மூன்றையும் ஏற்றும். சுண்ணாம்புக்கல், சுக்கான்கல், பளிங்குத் துண்டு, சிப்பி, சங்கு, பவளம் எல்லாம் இந்தக் குடும்பம். கருங்கல், கிரானைட், வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) ஆகியவை தண்ணீரோடு வம்புக்குப் போகாதவை.

மதுரைக்கு இந்த விஷயத்தில் அதிர்ஷ்டம் உண்டு. யானைமலையும் நாகமலையும் நைஸ் (gneiss) எனும் வரிப்பாறை, கிரானைட் இனத்தைச் சேர்ந்த பழைய பாறைகள். மேலூர்ப் பக்கத்துக் கிரானைட் ஊரறிந்தது. அறுவைப் பட்டறையில் ஒதுக்கிய உடைசல் துண்டுகள், கிலோ கணக்கில் இறக்குமதியாகி வரும் 'டிராகன் ஸ்டோன்', 'செய்ரியு' வகைகளைவிட நமக்கு உபயோகம். செய்ரியு என்ற பெயரில் விற்கும் நீலச்சாம்பல் கல் பெரும்பாலும் சுண்ணாம்பு கலந்தது. மென்னீரில் அது கொஞ்சம் கடினம் ஏற்றினால் பரவாயில்லை, நம் தண்ணீரில் ஏற்கெனவே இருப்பதோடு அதுவும் சேரும். (மலையில் போய் உடைத்து எடுக்கும் யோசனை வேண்டாம், யானைமலையில் சமணச் சிற்பங்கள் இருக்கின்றன, பாதுகாக்கப்பட்ட இடம்.)

தெற்கே பந்தல்குடிப் பக்கம் போனால் சிமெண்ட்டுக்கே வெட்டி எடுக்கும் சுண்ணாம்புக்கல். திருமங்கலத்துக்கு அப்பால் கரிசல் காட்டில் கிடக்கும் வெளிறிய உருண்டைகள் பல சுக்கான்கல். பார்க்க அழகாக, ஓட்டையும் குழியுமாக இருக்கும். ஏமாறுவதற்கு மிகத் தோதான கல்.

சோதனை சுலபம். கல்லைக் கழுவி உலர்த்தி, ஓரத்தைக் கொஞ்சம் உடைத்து, புதிதாகத் தெரியும் இடத்தில் சமையல் வினிகரை நாலு சொட்டு விடுங்கள். நுரைத்தால் கார்பனேட் இருக்கிறது. வினிகர் பலவீனமான அமிலம் என்பதால் நுரை மெலிதாகத்தான் வரும். காதருகே வைத்துக் கேட்டால் சில நேரம் 'சுர்' என்ற சத்தம் கண்ணுக்கு முந்தித் தெரியும். கடையில் 'வெள்ளைக் கூழாங்கல்' என்று விற்பதற்கும் இதே சோதனை: வெங்கச்சங்கல் அசையாது, பளிங்குத் துண்டு நுரைக்கும்.

ராமேஸ்வரம் போய் வந்த ஞாபகார்த்தமாகச் சங்கும் சிப்பியும் போடும் வழக்கம் நம் பக்கம் நிறைய. நன்னீர்த் தொட்டிக்கு அது வேண்டாத சுண்ணாம்பு. பவளத் துண்டு என்றால் இன்னொரு படி மோசம். பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன, தொட்டிக்குள் வைத்திருப்பதே வழக்குக்கு இடம்.

சாயம் பூசிய நீல, சிவப்புக் கூழாங்கல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெந்நீரில் ஊறவைத்து வெள்ளைத் துணியால் தேயுங்கள், துணியில் நிறம் வந்தால் மீனின் செவுளுக்கும் வரும்.

மணலும் மண்ணும்

வைகையில் ஒரு வாளி அள்ளிக்கொள்ளலாம் என்று தோன்றும். ஆற்று மணலை அள்ள அனுமதி வேண்டும், அது ஒரு பக்கம். சாக்கடை கலந்த இடத்து மணலில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது என்பது மறுபக்கம். எம்-சாண்ட் உடைத்த பாறை என்பதால் வேதியியல்படி பெரும்பாலும் சாது, ஆனால் முனை கூர்மை. அடியில் மீசையால் துழாவித் திரியும் கோரிடோராஸ் மாதிரி மீன்களுக்கு ஆகாது. தண்ணீர் சுத்திகரிப்புக்கு விற்கும் சிலிகா மணல்தான் விலைக்கும் பாதுகாப்புக்கும் சரி. கழுவும்போது தண்ணீர் தெளியும் வரை கழுவ வேண்டும், பத்துத் தடவை ஆனாலும்.

இப்போது விலையுயர்ந்த 'அக்வா சாயில்'. சுட்டு உருண்டையாக்கிய சத்து மண். செடிக்கு உணவு தருவதோடு, தண்ணீரிலுள்ள கார்பனேட்டை உறிஞ்சி பிஹெச்சை ஏழுக்குக் கீழே இழுக்கும். ஜப்பானிய முறையின் ரகசியமே பாதி இதில்தான் இருக்கிறது. ஆனால் அந்த உறிஞ்சும் திறனுக்கு ஒரு எல்லை உண்டு. கேஹெச் குறைவான தண்ணீரில் அது வருடக் கணக்கில் நிற்கும். கடினமான போர்த் தண்ணீரை வாராவாரம் ஊற்றினால் சில மாதங்களில் நிறைவடைந்துவிடும், அதற்கப்புறம் அது சாதாரண மண் உருண்டைதான். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கியதை உப்புத் தண்ணீரில் கரைப்பதை நான் வீண்செலவு என்றே சொல்வேன். ஆர்ஓ தண்ணீர் கலக்கத் தயாராக இருப்பவர் மட்டும் வாங்கலாம்.

மாற்று, அமெரிக்காவின் டயானா வால்ஸ்டட் பரப்பிய மலிவு முறை: கீழே ஒரு அங்குலம் சாதாரண மண், மேலே ஒரு அங்குலம் மணல் மூடாக்கு. நம் ஊரில் செய்தால் செம்மண் எடுங்கள், உரம் போடாத இடத்தில். கரிசலில் சுண்ணாம்பு உருண்டைகள் கலந்திருக்கும், தொழுவுரம் கலந்த மண்ணில் அம்மோனியா வரும். கண்மாய் வண்டல் கேட்கச் செழிப்பாகத் தோன்றினாலும், அழுகும் பொருள் அதில் அளவுக்கு மேல் இருக்கும்.

இங்கேயே ஓர் அளவுக் கணக்கு. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி முழுக்க நிரம்பினால் 56 லிட்டர். மேலே இரண்டு அங்குலம் விடுகிறோம், கீழே இரண்டு அங்குலம் மணல் (ஏறக்குறைய 15 கிலோ), 10 கிலோ கல். கழித்துப் பார்த்தால் உள்ளே நிற்கும் தண்ணீர் 38 லிட்டருக்குள்தான். மருந்துப் பாட்டிலில் '50 லிட்டருக்கு இவ்வளவு' என்று இருப்பதை 56 என்று நினைத்து ஊற்றினால் ஒன்றரை மடங்கு மருந்து. மீன் சாவதற்கு நோயைவிட இந்தக் கணக்குப் பிழை சில நேரம் காரணம்.

புதுத் தொட்டி ஏன் மீனைக் கொல்கிறது

மீன் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் அம்மோனியா வரும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் நஞ்சு, மூன்றாவது ஓரளவு சாது, செடிக்கு உணவும் கூட. இந்த பாக்டீரியா மணலிலும் கல்லிலும் ஃபில்டர் பஞ்சிலும் குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். முதல் வாரத்துப் பால் கலங்கல், இடம் பிடிக்கும் பாக்டீரியாக் கூட்டம். அதைப் பார்த்துப் பயந்து முழுத் தண்ணீரையும் மாற்றி, பஞ்சைக் குழாயடியில் பிழிந்து கழுவுகிறவர் குடியேறியவர்களையும் வெளியேற்றிவிடுகிறார்.

மதுரைக்காரர் தனியாகக் கவனிக்க வேண்டியது இதற்கு அப்புறம்தான். தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவங்களில் இருக்கும், அதில் ஒன்றுதான் கடும் நஞ்சு. எந்த வடிவம் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது பிஹெச்சும் வெப்பமும்.

— பிஹெச் 7, 25 டிகிரி: நச்சு வடிவம் சுமார் 0.6 சதவீதம்.
— பிஹெச் 8, 30 டிகிரி: 7 சதவீதத்துக்கு மேல்.
— பிஹெச் 8.5, 30 டிகிரி: ஏறக்குறைய 20 சதவீதம்.

அளந்தால் அம்மோனியா எண் மூன்றிலும் ஒன்றாகவே இருக்கும், நஞ்சு மட்டும் பத்து மடங்கு, முப்பது மடங்கு. சென்னைக் கொளத்தூரில் வாங்கிய அதே மீன், அதே தீனி, அதே ஃபில்டர், இங்கே வந்ததும் செத்துப்போகிறது என்று குழம்புகிறவர்கள் இந்த மூன்று வரியை ஒருமுறை பார்க்கலாம். சுண்ணாம்புக் கல்லை உள்ளே வைத்து பிஹெச்சை இன்னும் மேலே தள்ளிவிடுவது எவ்வளவு ஆபத்தான காரியம் என்பதும் இதில் தெரியும்.

அதனால் வேலை வரிசை இப்படி இருக்கட்டும்:

1. கல், மணல், செடி வைத்து, தண்ணீர் நிரப்பி, ஃபில்டரை ஓட விடுங்கள். மீன் வேண்டாம்.
2. தினம் ஒரு துளி தீனி போட்டு அழுக விடுங்கள், அல்லது ஏற்கெனவே ஓடும் தொட்டியின் அழுக்குப் பஞ்சை நண்பரிடம் கேட்டு வாங்கி உள்ளே போடுங்கள். இரண்டாவது வழி வாரங்களை மிச்சப்படுத்தும்.
3. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகு இரண்டு மூன்று மீன். மொத்தமாக வேண்டாம்.
4. பஞ்சைக் கழுவுவதானால் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.

வெயில்: ஆவியாகும் தண்ணீரின் இரண்டு முகம்

சித்திரை, வைகாசியில் வெளியே 40 டிகிரி தொட்டால் வீட்டுக்குள் தொட்டித் தண்ணீர் 32, 33-க்கு வந்துவிடும். 25 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 32-இல் 7.3 தான் பிடிக்கும். குறைவது கொஞ்சம்தான் என்றாலும், சூட்டில் மீனின் உடல் வேகமாக ஓடுவதால் அதன் தேவை அதிகம். செடிகளும் இரவில் ஆக்சிஜனை எடுப்பதால், விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன.

ஐஸ் கட்டி போடுவது ஏற்ற இறக்கத்தைத்தான் தரும். தண்ணீர்ப் பரப்பைப் பார்த்து ஒரு சின்ன ஃபேன் வையுங்கள், மூடியைத் திறந்துவிட்டு. நம் 38 லிட்டரில் 100 மில்லி ஆவியானாலே, வெளிச்சூடு உள்ளே வராத பட்சத்தில், ஒன்றரை டிகிரி குறையும். மண்பானைத் தண்ணீர் குளிரும் அதே சங்கதி. கடலோர ஊர்களைவிட மதுரைக் காற்று வறண்டது, அதனால் இங்கே ஃபேன் நன்றாகவே வேலை செய்யும்.

ஆனால் ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கும். ஒரு நாளைக்கு அரை லிட்டர் என்று வைத்தால் மாதம் 15 லிட்டர். அதை 400 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள போர்த் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே வந்தால் மாதத்துக்கு 6 கிராம் சுண்ணாம்பு கூடுகிறது, லிட்டருக்கு 150 மில்லிகிராமுக்கு மேல் ஏற்றம். மூன்று மாதம் கழித்துப் புதிதாக வாங்கி விடும் மீன் மறுநாளே சாவதும், பழைய மீன் மட்டும் நன்றாக இருப்பதும் இதனால்தான். பழசு மெல்ல மெல்லப் பழகிவிட்டது.

எனவே குறைந்ததை ஈடுகட்ட ஆர்ஓ தண்ணீர், வாராந்திரக் கால்பங்கு மாற்றத்துக்கு வழக்கமான தண்ணீர் அல்லது கலவை. 500 மில்லிகிராம் போர்த் தண்ணீர் ஒரு பங்கு, ஆர்ஓ மூன்று பங்கு என்றால் 125-க்குப் பக்கத்தில் வரும். நம் தொட்டிக்கு வாரம் பத்து லிட்டர் மாற்றினால் அதில் ஏழரை லிட்டர் ஆர்ஓ, அரைக் கேன்கூட இல்லை. முழுக்க ஆர்ஓ ஊற்றாதீர்கள், கேஹெச் இல்லாமல் பிஹெச் திடீரென்று சரியும். ஆர்ஓ இயந்திரத்தின் கழிவுக் குழாய்த் தண்ணீரைச் சிக்கனம் என்று தொட்டிக்கு ஊற்றுவதும் உண்டு, அதில் விட்ட உப்பெல்லாம் இருக்கிறது. மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரை மதியம் பிடித்து அப்படியே விட்டால் வெந்நீர்க் குளியல், காலையில் மாற்றுங்கள்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை காலை 9 முதல் மாலை 5 வரை இருந்தால், பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கையில் இருப்பது நல்லது. ஃபில்டர் பாக்டீரியாவுக்கும் மூச்சு வேண்டும்.

செடி: கடின நீரைச் சாப்பிடுபவை

எல்லாச் செடிக்கும் கார்பன் வேண்டும். பெரும்பாலானவை அதைக் கரைந்த கார்பன் டை ஆக்சைடாகத்தான் எடுக்கும், அதனால்தான் சிலிண்டர் வைத்துக் குமிழி விடுகிறார்கள். ஆனால் வாலிஸ்நேரியா, ஹைட்ரில்லா, ஹார்ன்வொர்ட் போன்றவை பைகார்பனேட்டையே உடைத்து கார்பன் எடுக்கும். கேஹெச் அதிகமுள்ள போர்த் தண்ணீர் அவற்றுக்கு விருந்து. இலை மேல் வெள்ளையாக மாவு படிந்தால் நோய் என்று நினைக்க வேண்டாம், கார்பனை எடுத்துவிட்டு விட்ட சுண்ணாம்பு அது.

இன்னொரு கூட்டம் மெதுவாக வளர்ந்து, குறைந்த வெளிச்சத்தில், எந்தத் தண்ணீரிலும் தாங்குவது: அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், இலங்கையிலிருந்து வந்த கிரிப்டோகொரைன் வென்டிட்டி. முதல் இரண்டையும் மணலில் புதைத்தால் தண்டு அழுகும், கல்லிலோ மரத்திலோ கட்டி வைக்க வேண்டும். பூக்கட்டும் நூலே போதும். வாழைநார் வேண்டாம், சீக்கிரம் அழுகிவிடும்.

நம் பக்கத்து ஈர நிலத்து நீர்ப்பிரமி உலகம் முழுக்க 'பக்கோபா' என்ற பெயரில் தொட்டிச் செடியாக விற்கிறது. கண்மாய்க் கொட்டிக்கிழங்கும் அப்படித்தான், அதன் உறவுகள் 'அப்போனோஜெட்டான்' கிழங்கு என்று பாக்கெட்டில் வருகின்றன. வயல் ஓரத்தில் பறித்தால் பூச்சிமருந்தும் நத்தை முட்டையும் கூடவே வரும், வாளியில் இரண்டு வாரம் வைத்து, அடிக்கடி தண்ணீர் மாற்றிவிட்டு உள்ளே விடுங்கள்.

வாங்கிய செடி இரண்டு வாரத்தில் கரைந்தால் உடனே பிடுங்கி எறிய வேண்டாம். நர்சரிகளில் பல செடிகளைக் காற்றில் வளர்க்கிறார்கள், தண்ணீருக்குள் போனதும் காற்று இலை கரைந்து நீர் இலை வரும். வேர் உறுதியாக இருந்தால் பொறுத்திருக்கலாம். வீடியோவில் வரும் புல்வெளிச் செடிகள் வேறு கதை. கார்பன் டை ஆக்சைடு, பலமான விளக்கு, மென்னீர் மூன்றும் கேட்கும், நம் முதல் தொட்டிக்கு அது தேவையில்லாத தலைவலி.

விளக்கு ஒரு நாளைக்கு ஆறு, ஏழு மணி நேரம் போதும், டைமர் போட்டு. ஜன்னலோரம் வைத்தால் பாசியும் சூடும் இலவசம்.

மரம், சிரட்டை, பானை

மரத்துண்டிலிருந்து டானின் கசிந்து தண்ணீர் கட்டஞ்சாயா நிறத்துக்கு வரும். மீனுக்குக் கெடுதல் இல்லை. மரம் பிஹெச்சைக் குறைக்கும் என்பது மென்னீரில்தான் பலிக்கும், கேஹெச் அதிகமுள்ள தண்ணீரில் நிறம் மட்டும் மாறும். பச்சை மரமும் பட்டையோடு உள்ளதும் அழுகும். காய்ந்து கெட்டிப்பட்ட வைரம் பாய்ந்த கட்டையைப் பல முறை கொதிக்கவைத்து, மூழ்கும் வரை ஊறப்போடுங்கள். தெருவோர நாட்டுவாதாம் மரத்தடியில் தானாக உதிர்ந்த காய்ந்த இலை, ஃபைட்டர் மீன் வளர்ப்பவர்கள் காசு கொடுத்து வாங்குவது. கொதிக்கவைத்த தேங்காய்ச் சிரட்டையில் வாசல் வெட்டினால் குகை.

சுடுமண் நல்ல பொருள். ஐம்பது கிலோமீட்டரில் மானாமதுரை இருக்கிறது, புவிசார் குறியீடு பெற்ற மண்பாண்டம். மெருகும் வண்ணமும் இல்லாத உடைந்த பானையைப் பாதி புதைத்தால், பிளாஸ்டிக் கோட்டையைவிடக் கண்ணுக்கு நன்றாக இருக்கும். விளாச்சேரிக் கொலு பொம்மையை மட்டும் உள்ளே இறக்காதீர்கள், அது வண்ணம் பூசியது.

அடுக்குவது

கண்ணாடியின் அடியில் தெர்மகோல் தகடு, உள்ளே பெரிய கல்லை முதலில் வைத்து அதைச் சுற்றி மணல். மணல் மேல் கல்லை வைத்தால் மீன் தோண்டும்போது சரியும். முன்பக்கம் ஓர் அங்குலம், பின்பக்கம் மூன்று நான்கு அங்குலம் என்று சரிவு கொடுத்தால் ஓரடி அகலமே இரண்டடி ஆழம் போலத் தெரியும். பெரிய கல் நட்டநடுவில் வேண்டாம், நீளத்தை மூன்றாகப் பிரித்து ஒரு கோட்டில். கற்கள் ஒற்றைப்படை எண்ணிக்கையில், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, ஒரே இனமாக இருக்க வேண்டும். கருங்கல் பக்கத்தில் வெங்கச்சங்கல் வைத்தால் கட்டட வேலை நடக்கும் இடம் மாதிரி இருக்கும். பாதை போட்டால் முன்னே அகலம், பின்னே குறுகல், பெரிய இலைச் செடி முன்னே, சிறு இலை பின்னே.

மாதிரிக்கு ஜப்பான் மலையைத் தேட வேண்டியதில்லை. ஒத்தக்கடையிலிருந்து யானைமலையைப் பாருங்கள்: ஒரே மொத்தக் கல், ஒரு பக்கம் செங்குத்து, மறுபக்கம் தாழ்ந்து இறங்கும் முதுகு. நாகமலையோ நீண்டு படுத்த ஒரே கோடு. முதலாவது ஒற்றைக் கல் தொட்டிக்கு, இரண்டாவது மூன்றடி நீளத் தொட்டிக்கு. பின்னால் கடலடிப் பவளப் படம் ஒட்டாமல் கறுப்புத் தாள் ஒட்டினால் செடியின் பச்சை எடுத்துத் தெரியும்.

தண்ணீருக்கேற்ற மீன்

போர்த் தண்ணீர் மட்டும்தான் என்றால் கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால். மோலிக்குக் கடின நீர் பிடித்தமானது. டெட்ரா, டிஸ்கஸ், ராம் எல்லாம் ஆர்ஓ கலப்பவர்களுக்கு. தங்கமீன் குளிர்ந்த தண்ணீர்க்காரன், செடியைப் பிடுங்கும், அலங்காரத்துக்கு எதிரி.

செடியே வேண்டாம், கல் மட்டும் போதும் என்கிறவருக்கு ஒரு குறுக்கு வழி: ஆப்பிரிக்க மலாவி ஏரியின் சிக்லிட் மீன்கள். அந்த ஏரியே காரத்தன்மை உள்ள, பாறை நிறைந்த ஏரி. நாலடித் தொட்டி இருந்தால், இவ்வளவு நேரம் வேண்டாம் என்று சொன்ன சுக்கான்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் அங்கே சரியான அலங்காரம்.

'தொட்டியைச் சுத்தம் செய்யும் மீன்' என்று விரல் நீளத்தில் விற்கும் சக்கர் மட்டும் வாங்காதீர்கள். தென்னமெரிக்காவிலிருந்து வந்தது, ஓரடிக்கு மேல் வளரும், செடியையும் கல்லையும் புரட்டும். பெரிதானதும் பாவம் பார்த்துக் கண்மாயிலோ தெப்பக்குளத்திலோ விட்டுவிடுகிறார்கள், நம் நாட்டு நீர்நிலைகளில் பல இடங்களில் அது பெருகி வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. வேண்டாத மீனைக் கடைக்கே திருப்பிக் கொடுங்கள். வெட்டிய செடியையும் சாக்கடையில் போட வேண்டாம். வைகையை மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரையும் ஒரு காலத்தில் அழகுக்குக் கொண்டுவந்த வெளிநாட்டுச் செடிதான். மொட்டைமாடியில் காயப்போட்டுக் குப்பையில் சேருங்கள், மதுரை வெயிலுக்கு அரை நாள் போதும்.